ஸ்டெப்னி

வேனின் வயிற்றுக்கு அடியில் ஒரு சக்கரம் தொங்கும்.
அதைக் காட்டிவிட்டு டிரைவர் சீனி நைனா
என்னைப் பார்த்துச் சிரித்த நாளிலிருந்து
எனக்கும் அதுதான் பெயர்.

தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரை
இருபத்திரண்டு மேடை.
மீன்பிடித் தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்க
விடிய விடியக் கண்விழிக்க
ஊருக்கு நேரம் இருக்கும்.

அரசிக்குப் பாட்டு பதினேழு.
பதினேழும் எனக்குப் பாடம்.
எந்த அடியில் வசந்தராணி மூச்செடுப்பாள்,
எந்த அடியில் மூச்சு போதாமல் போக
ஆர்மோனியம் சந்தியாகு
துருத்தியை ஒரு இழுப்பு கூட இழுத்து
அவளைத் தாங்குவார் என்பதும் பாடம்.
சம்பளம் என்னவோ தோழி வேஷத்துக்கு.
"ஆம் அரசியே."
"இதோ அரசியே."
அப்புறம் ஒரு தட்டு,
அதில் மூன்று வாழைப்பழம்.

மறைத்து என்ன ஆகப்போகிறது,
கச்சான் வீசும் இரவெல்லாம்
அவள் தொண்டையை நினைத்துக்கொள்வேன்.
நினைத்த கையோடு ஓடிப்போய்
பனங்கற்கண்டு தட்டிப் போட்டு
வெந்நீர் ஆற்றிக் கொடுப்பேன்.
இரண்டு பேரும் நான்தான்.

உப்பூர் தாண்டிக் கருவேலங்காட்டில்
பின்சக்கரம் பஞ்சராகி நின்றோம்.
மாற்றுச் சக்கரத்தை இறக்கிய சீனி நைனா
விரலால் அதன் விளிம்பைத் தடவினார்.
"ஓடவே இல்ல பாரு,
சும்மா கெடந்தே வெடிச்சிருக்கு."
அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஏர்வாடி முக்கில் தின்ற கணவாய்
வசந்தராணியை வாலிநோக்கத்தில் வீழ்த்தியது.
மணி ஒன்பதே முக்கால்.
மைக்கில் பக்திப்பாட்டு மூன்றாம் முறை ஓடுகிறது.
"ஏம்மா, பாடிருவியா?"
நான்கு வருஷத்தில்
முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
அவள் இடுப்புக்குத் தைத்த பாவாடைக்கு
ஒன்பது ஊக்கு.
கிரீடத்துக்குள் செய்தித்தாள்.

முதல் பாட்டு என் குரலில் இல்லை.
அவள் மூச்செடுக்கும் இடத்தில்
தேவையே இல்லாமல் நானும் எடுத்தேன்.
பழக்கத்தில் சந்தியாகு துருத்தியை இழுத்தார்.
சபையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

"யாரங்கே, தோழி!"
என்று கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது,
தோழி நான்தானே.
உள்ளே போய் நானே தட்டை எடுத்துவந்தேன்.
"அரண்மனையில் ஆள் பற்றாக்குறை" என்றேன்.
வாலிநோக்கம் சிரித்தது,
பின்வரிசை உப்பளத்துப் பெண்கள்
அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது பதினொன்றாவது பாட்டு.
மூச்செடுக்கும் இடம் வந்தது.
நான் எடுக்கவில்லை.
கடலோரம் இருட்டில் ஒருவர்
வலையைச் சுழற்றி வீசுவதுபோல
அந்த அடி விரிந்துகொண்டே போனது.
துருத்தி பின்தங்கியது.
சந்தியாகு கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

மைக் அலறியது:
"அரசியாக நடித்துக்கொண்டிருக்கும்
வசந்தராணி அவர்களுக்கு
மேலத்தெரு பாண்டிமுருகன் குடும்பத்தார்
அன்பளிப்பு ரூபாய் நூற்றியொன்று!"
கும்பிட்டேன்.
ஆறு முறை அந்தப் பெயரைச் சொன்னார்கள்,
ஆறு முறையும் கும்பிட்டேன்.

விடிகாலை வேனின் பின்சீட்டில்
உப்புச்சர்க்கரைத் தண்ணீரோடு சுருண்டிருந்தவளிடம்
அறுநூற்றியாறு ரூபாயை நீட்டினேன்.
எண்ணாமல் தலைமாட்டில் செருகிக்கொண்டாள்.
வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
"பதினொன்னுல மூச்சு எடுக்காமப் போனல்ல.
படுத்தாப்ல கேட்டேன்."
அவ்வளவுதான்.
என் இடுப்பில் ஊக்கு கிழித்த கோடு
வேர்வை பட்டு எரிந்தது.

மறுநாள் மூக்கையூர்.
அவள் எழுந்துவிட்டாள்.
என் கையில் தட்டு, மூன்று பழம்.
படுதா ஓரம் நிற்கிறேன்.
பத்து முடிந்து பதினொன்று.
அந்த இடம் நெருங்குகிறது,
என் நெஞ்சு தானாக மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.
அவள் எடுக்கவில்லை.
போகிறாள், குரல் நடுங்க,
போய்க்கொண்டே இருக்கிறாள்.

துருத்தியில் கைவைத்தபடி
சந்தியாகு என்னைப் பார்க்கிறார்.